பயிற்சி விமானத்தில் பிரேக் கோளாறு: கால் வைப்பதிலிருந்து காற்று எடுப்பது வரை

பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஆயர் தாவாரில் பிரேக் என்று சொன்னால் செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். மழை விட்ட கையோடு, தோட்டத்து மண் சாலையில், முழுப் பாரத்துடன் இறக்கத்தில் வரும் லாரியை நிறுத்துவது லேசான வேலை இல்லை. அப்பா தோட்டத்து லாரிப் பட்டறையில் ஃபிட்டர். பத்து வயதிலேயே எனக்கு லைனிங், அதாவது பிரேக்கில் உரசும் பட்டை, தேய்ந்த வாசனை தெரியும். பின்னாளில் விமானப் பட்டறைக்கு வேலை பழகப் போனபோது, ‘பிரேக்தானே, நமக்குத் தெரியாததா’ என்ற திமிரோடுதான் போனேன். அந்தத் திமிர் எப்படி இறங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். பக்கத்துச் சித்தியவானில் சின்ன விமானம் வந்து இறங்கினால், ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும் அப்பாமார்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். பிள்ளைகளும் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். முதல் பாதி விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, பிற்பாதி பட்டறையில் பழகுகிறவர்களுக்கு. உங்கள் விமானத்தின் கையேடு ஒன்றைச் சொல்லி நான் வேறொன்றைச் சொன்னால், கையேட்டைத்தான் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

செஸ்னா 152, 172 போன்ற சின்ன விமானங்களில் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும்தான். முன்சக்கரத்தில் கிடையாது. திசை திருப்பும் ரட்டர் பெடலின் மேல்பகுதியை முன்பாதத்தால் அழுத்தினால் பிரேக், கீழ்ப்பகுதியைத் தள்ளினால் திசை. இடது பெடல் இடது சக்கரத்துக்கு, வலது பெடல் வலதுக்கு. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர். லாரிப் பட்டறையில் நாங்கள் ‘மேல் பம்பு’ என்போமே, அதேதான். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக எண்ணெய் சக்கரத்தில் உள்ள கவ்வியான காலிப்பருக்குப் போய், பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்க்கை இரண்டு லைனிங்குக்கு நடுவே கவ்வுகிறது. லாரிக்கு இருப்பது போல எஞ்சின் உதவியோ காற்றழுத்த உதவியோ எதுவும் இல்லை. உங்கள் கால் பலம் மட்டும்தான்.

இதில் ஒரு நுணுக்கம், பலருக்குத் தெரியாது. செஸ்னாவில் வலப்பக்க இருக்கையின் பெடல்கள் இடப்பக்கப் பெடல்களோடு கம்பியால் இணைந்திருக்கின்றன. சிலிண்டர் ஒன்றுதான். ஆகவே உங்கள் பெடல் தரையைத் தொட்டால் இன்ஸ்ட்ரக்டரின் பெடலும் தரையைத் தொடும். பார்க்கிங் பிரேக்கும் அதே சிலிண்டரைத்தான் பிடித்து வைக்கிறது. எண்ணெய் போய்விட்டால் மூன்றும் சேர்ந்தே போகும். பைப்பர் பிஏ-28 வகை வேறு மாதிரி. அதில் டாஷ்போர்டுக்கு அடியில் கை பிரேக் லீவர் ஒன்று உண்டு. கால் பிரேக்குக்கும் கை பிரேக்குக்கும் தனித்தனிச் சிலிண்டர், எண்ணெய்த் தொட்டி மட்டும் பொது. கால் பிரேக் சிலிண்டரின் ரப்பர் போயிருந்தால் கை லீவர் காப்பாற்றலாம். நீங்கள் ஓட்டுவது எது என்பதைச் சும்மா இருக்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது யோசிக்க நேரம் இருக்காது.

டயமண்ட் டிஏ40, சிரஸ் மாதிரி விமானங்களில் முன்சக்கரம் பெடலோடு இணைக்கப்படாமல், கடை வண்டிச் சக்கரம் போலத் தானாகத் திரும்பும். மெதுவாகப் போகும்போது திசை மாற்றுவதே பிரேக்கால்தான். அதனால் அங்கே லைனிங் சீக்கிரம் தேயும், சூடும் அதிகம். சிரஸ் காலிப்பரில் சூட்டைக் காட்டும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது கறுத்திருந்தால் பறக்கக் கூடாது, எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும். செஸ்னா 152-இல் முன்சக்கரம் பெடலால் ஏறக்குறைய 8.5 டிகிரி வரை திரும்பும். அதற்கு மேல் குறுகலாகத் திரும்ப வேண்டுமானால் ஒருபக்க பிரேக் உதவியோடு 30 டிகிரி வரை போகலாம்.

ஒரு கெட்டில் தண்ணீர்க் கணக்கு

பிரேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. செஸ்னா 152-இன் அதிகபட்ச எடை 757 கிலோ. அது 50 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 93 கிலோமீட்டரில், ஓடும்போது அதனிடம் இருக்கும் சக்தி ஏறக்குறைய 250 கிலோ ஜூல். அந்தச் சக்தி நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் எடுத்து, கொதிக்க வைக்கப் போதும். மூன்று நான்கு குவளை தே தாரிக்குக்கு வேண்டிய சூடு, கை விரித்த அளவுள்ள இரண்டு இரும்புத் தட்டுகளுக்குள் சில விநாடிகளில் இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வேகம் கொஞ்சம் கூடினால் சூடு நிறையக் கூடும். 50 நாட் வேகத்தில் இறங்க வேண்டியவர் 60 நாட் வேகத்தில் இறங்கினால், வேகம் 20 சதவீதம்தான் கூடியது. பிரேக் விழுங்க வேண்டியதோ 44 சதவீதம் கூடுகிறது. நான் பார்த்த பிரேக் கோளாறுகளில் பாதிக்கு மேல், வேகமாக இறங்கிப் பழகியவர்களின் விமானத்திலும், தரையில் உருட்டி ஓட்டும் டாக்ஸியின்போது பெடலிலேயே கால் வைத்திருப்பவர்களின் விமானத்திலும் வந்தவை. எஞ்சினியர் லைனிங் மாற்றலாம், கால் பழக்கத்தை மாற்ற முடியாது.

கிளம்பும் முன்

விமானத்தைச் சுற்றி வரும்போது எல்லோரும் இறக்கையையும் எஞ்சினையும் நன்றாகப் பார்க்கிறார்கள். சக்கரத்துக்கு வந்ததும் டயரை ஷூவால் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குனியுங்கள். முட்டி போடுங்கள். பேன்ட் அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

முதலில் தரையைப் பாருங்கள். சக்கரத்துக்குக் கீழே சிவப்புத் துளி இருக்கிறதா? விமான பிரேக் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. டயரின் உள்பக்கத்தில் ஈரமான கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். காலை வெயிலில் அது பளபளக்கும். தூசி ஒட்டிப் பிசுக்காக இருந்தால் கசிவு பழையது, துடைத்தால் விரலில் சிவப்பு ஒட்டினால் புதியது. எதுவானாலும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அடுத்து லைனிங். டிஸ்க்குக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் அதன் தடிமன் தெரியும். பரவலாகப் பயன்படும் கிளீவ்லாந்து பிரேக்கில் 0.100 அங்குலம், அதாவது 2.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். அளவுகோல் தேவையில்லை, இரண்டு பத்து காசு நாணயத்தை அடுக்கிய மாதிரி தெரிந்தால் எஞ்சினியரிடம் காட்டுங்கள். டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருக்கிறதா, காலிப்பர் போல்ட்டில் கட்டிய கம்பி அறுந்திருக்கிறதா, குழாய் எங்காவது உரசுகிறதா, டயரில் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகியிருக்கிறதா, இதையெல்லாம் பார்க்க ஒரு நிமிடம் போதும். டயர் ஒரே இடத்தில் தட்டையாக இருந்தால், பெடலில் காலை வைத்துக்கொண்டு யாரோ இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

டிஸ்க்கில் லேசான துரு இருந்தால் பதற வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தாலே செம்மண் பூசிய மாதிரி ஆகிவிடும். டாக்ஸி போகும்போது மெதுவாக இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் போய்விடும். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் கதை வேறு. அந்தக் குழி அரத்தைப் போல லைனிங்கைத் தின்னும்.

ஏறி உட்கார்ந்ததும், எஞ்சின் போடும் முன், இரண்டு பெடலையும் அழுத்துங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். இட்லி மாவில் கால் வைத்த மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் விடுகிறது. இரண்டிலும் எஞ்சின் போடக் கூடாது.

நகர ஆரம்பித்ததும்

விமானம் அசைந்த முதல் இரண்டு மீட்டரிலேயே பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு இன்ஸ்ட்ரக்டர் தன் பக்கம் பிடித்துப் பார்ப்பார். இது சடங்கு இல்லை. நிறுத்தி வைத்த இடத்தில் பிரேக் இல்லை என்று தெரிந்தால் அவமானம் மட்டும்தான். இன்னும் நூறு மீட்டர் போய்த் தெரிந்தால் பக்கத்து விமானத்தின் இறக்கை.

குதிகால் தரையில் இருக்கட்டும். இதைத்தான் நான் எல்லாப் பிள்ளைகளிடமும் முதலில் சொல்வேன். பாதம் முழுவதையும் பெடலில் ஏற்றி வைத்தால், திசை மாற்ற அழுத்தும்போதெல்லாம் தெரியாமலே பிரேக்கும் பிடிபடும். கால் குட்டையாக இருக்கும் பிள்ளைகள் இருக்கையை முன்னால் இழுத்துப் பூட்டிக்கொள்ளட்டும். பிரேக் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுக்கக் குறைக்க வேண்டும். ஒரு காலால் பிரேக், ஒரு கையால் திராட்டில், இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் டிஸ்க்தான் வேகும். வேகம், வேகமாக நடக்கிற ஆள் அளவு.

எஞ்சின் சோதனையின்போது, 152-இல் 1,700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,700 சுற்று) வைப்பீர்கள். கண் மீட்டர்களில் இருக்கும், விமானம் அதுபாட்டுக்கு அங்குலம் அங்குலமாக முன்னே போகும். ஒரு மீட்டரைப் பார்த்து அடுத்ததற்குப் போகும் முன் ஒரு முறை தலையைத் தூக்கி வெளியே பாருங்கள். பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பி இந்தச் சோதனை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

டாக்ஸியில் பிரேக் போய்விட்டால்

பெடல் தரையைத் தொட்டது. ஒன்றும் பிடிக்கவில்லை. முதல் வேலை, திராட்டில் முழுக்கப் பின்னால். அப்புறம் இரண்டு மூன்று முறை பெடலை வேகமாக மிதியுங்கள். காற்று புகுந்த பிரேக் சில நேரம் மிதிக்க மிதிக்க ஏறும். பைப்பராக இருந்தால் அதே நேரத்தில் கை லீவரை இழுங்கள். பிடித்துவிட்டால் நல்லது, அங்கேயே நிறுத்துங்கள், டாக்ஸியைத் தொடராதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் திசை இன்னும் உங்கள் கையில், சரியாகச் சொன்னால் காலில், இருக்கிறது. ஆள், விமானம், எண்ணெய் லாரி, கட்டடம், இந்த வரிசையில் விலகிப் போங்கள். புல்வெளி இருந்தால் அதில் இறக்குங்கள். ஈரப் புல் வண்டியை நிறுத்துவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். மோதப்போகிற மாதிரி இருந்தால் எரிபொருளை அடைக்கும் மிக்சர் குமிழை முழுக்க இழுத்து எஞ்சினை அணைத்து, தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் அணைத்துவிடுங்கள். சுழலும் ப்ரொப்பெல்லரோடு மெதுவாக மோதுவதைவிட நின்ற ப்ரொப்பெல்லரோடு கொஞ்சம் வேகமாக மோதுவது மேல். பக்கத்தில் ஆள் இருந்தால் இதை இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டும். ரேடியோவில் சொல்வது கடைசி வேலை.

ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால், மனம் சொல்கிற முதல் காரியம் இருக்கிற பிரேக்கை ஓங்கி மிதிப்பது. அதைச் செய்யாதீர்கள். விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று இறக்கை தரையைத் தொடலாம். இருக்கிற பக்கத்தைத் தொட்டுத் தொட்டு விடுங்கள், எதிர்ப்பக்க ரட்டரால் நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரானது பிரேக் விடாமல் பிடித்துக்கொள்வது. வழக்கத்தைவிட அதிகத் திராட்டில் கேட்கும், ஒரு பக்கம் இழுக்கும், கருகிய வாசனை வரும். இந்த நிலையில் ஓடுதளத்துக்குப் போகக் கூடாது. நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். ஆனால் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள், கட்டை வையுங்கள். கொதிக்கிற டிஸ்க்கை லைனிங் கவ்வியிருந்தால் சூடு பிஸ்டனுக்கும் எண்ணெய்க்கும் ஏறும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் நிற்காதீர்கள். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ போங்கள். தீ தெரிந்தால் உலர் தூள் தீயணைப்பானை எடுங்கள். வழக்கமான சிவப்பு எண்ணெய் 82 டிகிரி செல்சியஸ் அளவிலிருந்தே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வானத்தில் இருக்கும்போது தெரிந்தால்

இறங்குவதற்கு முந்திய சரிபார்ப்பில் பிரேக் என்ற வரி வரும்போது, பலர் வாயால் மட்டும் சொல்கிறார்கள். காலாலும் சொல்லுங்கள். இரண்டு பெடலையும் ஒரு முறை அழுத்தி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, காலைக் கீழே இறக்குங்கள். பார்க்கிங் பிரேக் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெத்தென்று இருந்தால் பயம் வேண்டாம். பிரேக் இல்லாமல் பறப்பதற்கு ஒரு தடையும் இல்லை. யோசிக்க வேண்டியது எங்கே இறங்குவது என்பதைத்தான். எரிபொருள் இருந்தால் நீளமான ஓடுதளத்துக்குப் போங்கள். ஈப்போவில் ஏறக்குறைய 2,000 மீட்டர் இருக்கிறது. சின்னப் பயிற்சி விமானத்துக்கு அது ஒரு நெடுஞ்சாலை. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிடம் பிரேக் சந்தேகம் என்று சொல்லுங்கள். ஓடுதளம் முழுவதும் உங்களுக்கு வேண்டும், பின்னால் யாரும் நெருக்கமாக வரக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

எதிர்காற்றில், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பிளாப்பை முழுதாக இறக்கி, கையேடு சொல்கிற குறைந்த வேகத்தில் வந்து, ஓடுதளத்தின் தொடக்கத்திலேயே தொடுங்கள். தொட்டதும் கண்ட்ரோலைப் பின்னால் இழுத்தே வைத்திருங்கள். முன்சக்கரம் தானாக இறங்கட்டும். நிமிர்ந்து நிற்கும் இறக்கையைக் காற்று பிடித்துத் தள்ளும், அது பிரேக் மாதிரிதான். அவசரப்பட்டு முதல் வளைவில் திரும்பாதீர்கள். கடைசிவரை நேராகவே உருளட்டும். கடைசியிலும் நிற்காது போலிருந்தால் மிக்சரை இழுத்துவிடலாம்.

இடது பிரேக் மட்டும் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலதைத் தொட்டால் விமானம் வலப்பக்கம் இழுக்கும். ஆகவே ஓடுதளத்தின் இடப்பக்கமாகத் தொட்டால் வலப்பக்கம் இடம் மிஞ்சும். பக்கக்காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தால் இன்னும் நல்லது. காற்று மூக்கை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும், பிரேக் வலப்பக்கம் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும்.

பிற்பகல் மழை

பிரேக்கில் கோளாறே இல்லாமல் பிரேக் வேலை செய்யாத நேரம் ஒன்று உண்டு. நம் நாட்டில் அது பிற்பகல் நான்கு மணிக்கு வரும். ஓடுதளத்தில் தண்ணீர் நின்றால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டயர் தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: டயர் காற்றழுத்தத்தைப் பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் விடை நாட் கணக்கில் வரும். செஸ்னா 152-இன் பின்டயர்களில் 21 பிஎஸ்ஐ. வர்க்கமூலம் ஏறக்குறைய 4.6. விடை 41 நாட். நீங்கள் 50 நாட் வேகத்தில் தொட்டால் முதல் 9 நாட் குறையும்வரை சக்கரம் தரையைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், தண்ணீர் குறைந்த இடம் வந்ததும் டயர் கிழியும், விமானம் திரும்பும். பொறுங்கள். காற்று வேகத்தைக் குறைக்கட்டும், பிறகு மெதுவாகத் தொடங்குங்கள். டயரில் காற்று குறைந்து 16 பிஎஸ்ஐயாக இருந்தால் விடை 36 நாட்டுக்கு இறங்கிவிடும். டயர் அழுத்தம் பார்ப்பது பிரேக் வேலையும்தான் என்று நான் சொல்வது அதனால்தான்.

பட்டறையில்: பெடல் சொல்லும் கதை

இனி எஞ்சினியரிடம் வேலை பழகுகிறவர்களுக்கு. மலேசியாவில் இந்த வேலையில் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற எஞ்சினியருக்கு மட்டும்தான் அதிகாரம். 2018-இலிருந்து இதைக் கவனிப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். நீங்கள் செய்யலாம், அவர் பார்த்து ஒப்ப வேண்டும்.

கழற்றும் முன் பெடலிடம் கேளுங்கள். மெத்தென்று இருந்தால் காற்று. பிடித்து வைத்தால் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர். ஒரேயடியாகத் தரையைத் தொட்டால் எண்ணெய் எங்கேயோ போயிருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் விமானம் நிற்கவில்லை என்றால் லைனிங்கில் எண்ணெய் அல்லது கிரீஸ் பட்டிருக்கும், அல்லது சூட்டில் மேற்பரப்பு கண்ணாடி போல ஆகியிருக்கும். பெடல் காலுக்கடியில் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. முன்சக்கரம் கடகடவென்று ஆடுவதை பிரேக் என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அது வேறு இடத்து நோய்.

பிரேக் விடாமல் பிடித்தால் முதலில் காலிப்பரின் வழுக்கு ஊசிகளைப் பாருங்கள். காலிப்பர் அந்த இரண்டு ஊசிகளில் பக்கவாட்டில் நகர வேண்டும். நம் ஈரத்தில் அவை துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். அப்போது ஒரு பக்க லைனிங் மட்டும் தேயும். சுத்தம் செய்து கையேடு சொல்லும் உலர் மசகைத்தான் போட வேண்டும். கிரீஸ் தடவினால் மண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஊசி நன்றாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பி வரும் சின்னத் துளை அடைத்திருக்கலாம், பார்க்கிங் பிரேக் முழுதாக விடுபடாமல் இருக்கலாம். அல்லது ரப்பர் உப்பியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் என் கதை. வேலை பழகிய முதல் வருடம். ஒரு 152-இன் இடது சிலிண்டரில் எண்ணெய் குறைந்திருந்தது. சிவப்பு எண்ணெய் டின் காலி. என் கப்சாய் மோட்டார் பெட்டியில் அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்த பிரேக் எண்ணெய் அரை பாட்டில் கிடந்தது. ஊற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. நாலைந்து நாள் கழித்து அந்த விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, நொண்டி மாடு மாதிரி வந்து நின்றது. பெரிய எஞ்சினியர் காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்தார். அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையமான ஓ-ரிங், ஊறவைத்த கடலை மாதிரி உப்பியிருந்தது. அவர் அதை எடுத்து அதன் பள்ளத்திலேயே திரும்ப வைக்கப் பார்த்தார். உட்காரவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. பிதுக்கினால் விரலில் கறுப்பு ஒட்டியது.

‘எந்த பாட்டில் தம்பி?’ என்றார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். டாட் 3.

‘இது உங்கப்பா லாரிக்கு மருந்து. இந்த ரப்பருக்கு விஷம்.’

அந்த பிரேக் அமைப்பு முழுவதையும் பிரித்து, கழுவி, எல்லா ரப்பரையும் மாற்ற எங்களுக்கு மூன்று நாள் ஆனது. காரணம் இதுதான்: லாரி, கார் பிரேக் எண்ணெய் கிளைகால் வகை. விமானத்தில் வழக்கமான சிவப்பு எண்ணெய், மில்-பிஆர்எஃப்-5606, கனிம எண்ணெய் வகை. இரண்டுக்கும் ரப்பர் வேறு வேறு. சிவப்பு எண்ணெயை லாரியில் ஊற்றினாலும் அங்கே இதே கதைதான். 83282 என்று இன்னொரு சிவப்பு எண்ணெய் இருக்கிறது, செயற்கை வகை, பற்றும் சூடு 205 டிகிரிக்கு மேல். சில இலகு விமானங்களில் கார் எண்ணெயே போடச் சொல்லியிருப்பார்கள். ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், கையேட்டையும் டின்னையும் பாருங்கள்.

லைனிங் மாற்றுவதும் காற்று எடுப்பதும்

லைனிங் மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. பின்தகட்டுப் போல்ட்டுகளை எடுத்தால் காலிப்பர் வழுக்கி வெளியே வரும். அது வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் தெறித்து, எண்ணெய் கொட்டி, பத்து நிமிட வேலை அரை நாளாகும். பெடலில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவது என் வழக்கம். பழைய ரிவெட்டைத் துளையிட்டு எடுங்கள், துளை பெரிதாகிவிடாமல். புதிய ரிவெட் இறுகியதும் லைனிங் விரலுக்கு அசையக் கூடாது. டிஸ்க் தடிமனையும் அளந்து கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். போல்ட்டை முறுக்கும் அளவும் அங்கேயே இருக்கும். கைப்பழக்கத்தில் முறுக்காதீர்கள்.

காற்று எடுப்பது லாரிக்கு மேலிருந்து கீழே. ஒருவர் மிதிக்க, ஒருவர் திறக்க. இங்கே பெரும்பாலும் கீழிருந்து மேலே. காற்றுக் குமிழி தானாக மேலேதான் போகும், அதனோடு சேர்ந்து தள்ளுவதுதான் சுலபம்.

1. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுங்கள்.
2. மேலே எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்து, வழிகிற எண்ணெய்க்கு ஒரு குழாயும் பாட்டிலும் மாட்டுங்கள். செஸ்னாவில் தொட்டி பெடலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், வழிந்தால் கம்பளம் முழுக்க எண்ணெய்.
3. பம்பு டின்னில் புதிய எண்ணெய் நிரப்பி, தெளிவான குழாய் வழியாகக் கொஞ்சம் வெளியே விட்டு, குழாயில் உள்ள காற்றை முதலில் எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் காற்றை எடுக்க வந்தவர் காற்றை ஏற்றியவராகிவிடுவார்.
4. காலிப்பர் அடியில் உள்ள திறப்பில் குழாயை மாட்டி, திறந்து, மெதுவாகத் தள்ளுங்கள். மேலே குமிழி வருவது நிற்கும்வரை.
5. மூடிவிட்டுப் பெடலை அழுத்திப் பாருங்கள். மெத்தென்றால் திரும்பவும்.

புதிய லைனிங்கை அப்படியே பறக்க அனுப்பக் கூடாது, அதைப் பழக்க வேண்டும். கிளீவ்லாந்தின் உலோகம் கலக்காத லைனிங்குக்கு: எஞ்சினை 1,700 ஆர்பிஎம்மில் வைத்து, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, 5 முதல் 9 நாட் வேகத்தில் 1,500 அடி தூரம் ஓட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, நிறுத்தி வைத்து எஞ்சினை ஏற்றிப் பாருங்கள். பிரேக் தாங்கினால் முடிந்தது, இல்லையென்றால் ஆறவிட்டு மறுபடியும். உலோக லைனிங்குக்கு 30 முதல் 35 நாட் வேகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை முழுதாக நிறுத்த வேண்டும், நடுவே ஆற விடாமல். முதலில் சொன்ன பிரேக் பிடித்த ஓட்டம் பட்டறையில் மட்டும்தான், தினசரிப் பழக்கத்தில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ‘நீங்களே இப்படித்தானே ஓட்டினீர்கள் அங்கிள்’ என்று கேட்ட ஒரு பையன் இருந்தான்.

பதிவேட்டில் என்ன எழுதுவது

‘இடது பிரேக் சரியில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதை வைத்து எஞ்சினியர் ஜோசியம்தான் பார்க்க முடியும். எப்போது, எந்த வேகத்தில், பெடல் எப்படி இருந்தது, மிதித்தால் ஏறியதா, மழையா, வாசனை வந்ததா, இத்தனையும் வேண்டும். போன மாதம் ஒரு மாணவி எழுதியது என் கண்ணில் நிற்கிறது: ‘இறங்கிய பின் ஓடுதளத்தை விட்டு வெளியே வரும்போது இடது பெடல் பாதி தூரம் அமுங்கியது. மூன்று முறை மிதித்ததும் கெட்டியானது. ஓடுதளம் உலர்ந்திருந்தது. நிறுத்திய பின் இடது டயர் உள்பக்கம் சிவப்பு ஈரம், ஒரு விரல் நீளம்.’ காலிப்பரைக் கழற்றும் முன்பே புது ஓ-ரிங்கை எடுத்து வைத்துவிட்டோம்.